படகு ட்ரெய்லர் டயர்: சேலத்தில் எங்கள் கடைக்கு வரும் சந்தேகங்கள்

சேலத்தில் ஏற்காடு ரோட்டில் எங்கள் டயர் கடை. அப்பா காலத்தில் லாரி டயரும் டிராக்டர் டயரும்தான் வரும். இப்போது படகு ட்ரெய்லர்களும் வருகின்றன. சேலத்தில் ஏது படகு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேட்டூர் அணை 50 கிலோமீட்டர், ஏற்காடு ஏரி 30 கிலோமீட்டர். தூண்டில் போடுவதற்காகவே ஃபைபர் படகு வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தியிருப்பவர்கள் இருக்கிறார்கள். லீவு கிடைத்தால் ராமேஸ்வரம் வரைகூட இழுத்துப் போகிறார்கள்.

வருகிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கல்லாவில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கடையில் நாங்கள் ‘பவுண்டு’ என்று சொல்வது காற்றழுத்தத்தின் பி.எஸ்.ஐ. அளவைத்தான். இங்கேயும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

வருஷத்துக்கு நாலு தடவைதாங்க படகு வெளிய போகுது. டயருக்கு என்ன ஆகிடப் போகுது?

ஓடாமல் நிற்பதுதான் பிரச்சினையே. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் காக்க மெழுகு மாதிரி சில பொருட்களைக் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு, ரப்பர் நசுங்கி விரியும்போதுதான் அவை உள்ளிருந்து மேலே கசிந்து வந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். தினமும் ஓடும் கார் டயர் தன்னைத்தானே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் ட்ரெய்லருக்கு அது கிடையாது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை உலர்த்தி, சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், முடி மாதிரி கோடு விடும்.

அதோடு எட்டு மாதம் ஒரே இடத்தில் நின்றால் முழுச் சுமையும் டயரின் ஒரே பகுதியில் உட்கார்ந்திருக்கும். காற்றும் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அப்படியே கொக்கியில் மாட்டிக்கொண்டு ஹைவேயில் 80-இல் போனால் என்ன ஆகும்?

பட்டன் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கே, அப்புறம் எப்படி வெடிக்கும்?

பட்டன் என்றால் ரோட்டில் படும் மேல்பட்டையில் இருக்கும் ரப்பர் கட்டைகள். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். 2017 மே மாதம், மாமாவின் படகை மேட்டூருக்கு இழுத்துப் போனேன். ஓமலூர் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். பின்னால் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், உடனே வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால், டயரின் மேல்பட்டை முழுசாகக் கழன்று சாட்டை மாதிரி சுழன்று, மட்கார்டு தகட்டைக் கிழித்து, படகின் அடியில் ஒரு முழம் நீளத்துக்கு ஃபைபரை உரித்திருந்தது. கீழே கிடந்த ரப்பரைக் கையில் எடுத்தேன். பட்டனில் கம்பெனி விட்ட மெல்லிய ரப்பர் முடிகள்கூட அங்கங்கே அப்படியே இருந்தன. சைடுவாலில் இருந்த எண் 3108. அதாவது ஒன்பது வருட டயர்.

டயர் கடைக்காரன் நான், பட்டனை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். படகு ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. அன்றிலிருந்து எந்த ட்ரெய்லர் கடைக்கு வந்தாலும் முதலில் தேதியைத்தான் படிக்கிறேன்.

அந்தத் தேதி எங்க இருக்கும்? எத்தனை வருஷம் ஓட்டலாம்?

சைடுவாலில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். ட்ரெய்லருக்கு அடியில் தலையை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள்.

என் கணக்கு இது. அஞ்சு வருடம் ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் டயரை முழுசாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆறு வருடம் ஆனால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஹைவேக்குக் கொண்டு போகக் கூடாது. வாங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள். கடையில் இரண்டு வருடம் அடுக்கில் கிடந்த டயரை ‘புதுசு’ என்று கொடுத்தால், உங்கள் ஆறில் இரண்டு அங்கேயே கழிந்துவிட்டது.

கார்ல கழட்டின நல்ல டயர் சும்மா கிடக்குதுங்க. ட்ரெய்லருக்குப் போட்டுக்கலாமுங்களா?

அளவு பொருந்தும், சுமை பொருந்துமா என்பதுதான் கேள்வி. டயரில் அளவுக்குப் பக்கத்தில் ‘79டி’, ‘85எஸ்’ என்பது மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் என்பது சுமைக் குறி. 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும். 85 என்றால் 515, 88 என்றால் 560, 91 என்றால் 615 கிலோ. பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்தைச் சொல்லும். ஜே (J) என்றால் மணிக்கு 100, எல் (L) என்றால் 120, டி (T) என்றால் 190 கிலோமீட்டர். படகு ட்ரெய்லருக்கு வேக எழுத்து பெரிதாக இருந்து பயனில்லை, எண்தான் முக்கியம்.

கார் டயரின் சைடுவால் உட்கார்ந்து போகிறவருக்கு அலுங்காமல் இருக்கவென்று இளகலாகச் செய்தது. அதே டயரை ட்ரெய்லருக்குப் போட்டால் சுமையை 1.1-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க டயர் தரங்களில் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் 437 கிலோ 397 ஆகிவிடும். இளகிய சைடுவால் வளைவில் ட்ரெய்லரை ஆட்டவும் செய்யும். அந்த ஊரில் ட்ரெய்லருக்கென்றே ‘எஸ்டி’ (ST) என்ற எழுத்தோடு கெட்டியான டயர் கிடைக்கிறது. நம் பக்கம் அது எளிதில் கிடைக்காததால், குட்டி யானை, பிக்கப் மாதிரி சரக்கு வண்டிகளுக்கு வரும் ‘எல்டி’ (LT) டயர்தான் நான் சொல்வது.

எடையை எப்படிங்க கண்டுபிடிக்கிறது? படகு விக்கிறப்ப 300 கிலோன்னு சொன்னாங்க.

அது வெறும் படகு. ஒரு வாடிக்கையாளருக்காக நாங்கள் போட்ட கணக்கு இது. படகு 300, ட்ரெய்லர் 220, மோட்டார் 75, பெட்ரோல் 25 லிட்டருக்கு 19, பேட்டரி 20, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 50. ஆக 684 கிலோ. இரண்டு டயருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 342. இதற்கு மேல் அஞ்சில் ஒரு பங்கு கையிருப்பு வேண்டும் என்பேன், அப்போது 410 ஆகிறது. மேலே சொன்ன 397 கிலோ கார் டயர் இங்கேயே தோற்றுவிட்டது. முன்கொக்கியில் கொஞ்சம் சுமை இறங்குமே என்று கேட்பீர்கள். இறங்கும். ஆனால் ரோட்டுக் குழியில் சக்கரம் விழும்போது அந்தச் சலுகை எல்லாம் காணாமல் போய்விடும். அதனால் நான் கழிப்பதில்லை.

கணக்கைவிட எடை மேடை நல்லது. லாரி ஊரான சேலத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. படகில் என்னென்ன ஏற்றிக்கொண்டு போவீர்களோ அத்தனையும் ஏற்றி, ட்ரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு சீட்டும் வாங்குங்கள். பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்க டயர்தான் எப்போதும் முதலில் போகும்.

மழைத் தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏற்காட்டில் ஒரு மழை அடித்துவிட்டுப் போனால், மூடாத படகில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்றாலே 200 கிலோ. கிளம்பும் முன் படகின் பின்னாலுள்ள அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

8 ப்ளைன்னா எட்டு அடுக்கா?

ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது அது பலத்தின் அளவு மட்டும். உள்ளே இரண்டே அடுக்குகூட இருக்கலாம். ப்ளை கூடினால் அதிகக் காற்றைத் தாங்கும், அதிகக் காற்று தாங்கினால் அதிகச் சுமை ஏற்றலாம். 8 ப்ளை டயரை வாங்கிப் போட்டுவிட்டுக் கார் டயர் மாதிரி 30 பவுண்டு காற்று அடிப்பவர்களைப் பார்க்கிறேன். கொடுத்த காசு வீண்.

ஆட்டோ டயர் சின்னதா, விலையும் கம்மியா இருக்கே. அது ஆகாதா?

ஏரிக்கரையிலேயே குடியிருப்பவர், தண்ணீருக்குப் படகை இறக்க மட்டும் என்றால் ஆகும். ஹைவேக்கு ஆகாது. ஆட்டோவுக்கு வருகிற 8 இன்ச் டயர் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 760 சுற்று சுற்ற வேண்டும். 14 இன்ச் கார் டயருக்கு அது 515 சுற்றுதான். ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் ஒரு முறை நசுங்கி விரியும், ஒவ்வொரு நசுங்கலும் கொஞ்சம் சூட்டை உண்டாக்கும். பேரிங்கும் அதே ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றும். நீங்கள் காரில் உட்கார்ந்து 80-இல் போகும்போது பின்னால் அந்தக் குட்டிச் சக்கரம் படும் பாடு உங்களுக்குத் தெரியாது. அந்த டயரில் இருக்கும் வேக எழுத்தையும் படித்துப் பாருங்கள். 12 இன்ச்சுக்குக் குறையாமல் போடச் சொல்வது இதனால்தான்.

ரேடியலா, நைலானா?

ரேடியலில் உள்நூல்கள் டயரின் குறுக்கே நேராக ஓடும், நைலானில் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகப் பின்னியிருக்கும். தூரம் போகிறவர்களுக்கு ரேடியல். நைலான் டயரின் சைடுவால் கெட்டி, கல் குத்தினால் தாங்கும், ஆனால் ஹைவே வேகத்தில் சீக்கிரம் சூடேறும். காட்டுப் பாதையில் மெதுவாகப் போகிறவர்களுக்கு நைலான் போதும். ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று மட்டும் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு மாதிரி வளையும், ட்ரெய்லர் நேராக வராது.

எத்தனை பவுண்டு காத்து வெக்கணும்?

ட்ரெய்லர் செய்தவர் பெயர்ப்பலகையில் எழுதியிருந்தால் அதுதான். இல்லாவிட்டால், எல்டி அல்லது ட்ரெய்லர் டயரின் சைடுவாலில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைக் குளிர்ந்த டயரில் வையுங்கள். ரிம்மும் அந்த அளவு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரில் 33 பவுண்டு வைத்துப் பழகியவர்களுக்கு 50, 65 என்று கேட்டாலே பயம் வருகிறது. டயர் வெடிப்பது காற்று கூடியதால் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். கடைக்கு வரும் வெடித்த டயர்களின் உட்புறத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். சைடுவாலின் உள்ளே சுற்றிலும் கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும், ரப்பர் தேய்ந்து நூல் தெரியும். காற்று குறைவாக ஓடிய டயரின் அடையாளம் அது. காற்று குறைந்தால் சைடுவால் அதிகம் நசுங்கும், நசுங்கினால் சூடு, சூட்டில் ரப்பரும் கம்பி அடுக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். அதுதான் வெடிப்பு.

குளிர்ந்த டயர் என்றால் கிளம்பும் முன், வெயில் படாமல், குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயர். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வால்வையும் கவனியுங்கள். கார்களுக்கு வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பவுண்டுக்கு மேல் தாங்காது. அந்த அளவுக்குப் பக்கத்தில் காற்று வைப்பவர்கள் இரும்பு வால்வு கேட்டு வாங்குங்கள்.

வெயில் காலத்துல காத்தைக் கொறைச்சு வெக்கணும்னு லாரி டிரைவர் ஒருத்தர் சொன்னாரே?

அனுபவம் உள்ளவர்கள் சொல்கிறார்கள் என்றாலும் இதைக் கேட்காதீர்கள். ஓடும்போது சூட்டில் அஞ்சாறு பவுண்டு கூடத்தான் செய்யும். டயர் செய்தவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த டயருக்கான அளவைச் சொல்லியிருக்கிறார். வழியில் டயரைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்று காற்றை இறக்கினால், முந்தின பதிலில் சொன்ன நசுங்கல் இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும். சித்திரை வெயிலில், 40 டிகிரியில், காற்றை இறக்கிவிட்டுக் கிளம்புவது நீங்களே வெடிப்புக்கு நாள் குறிப்பது மாதிரி. நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ரோடும் குளிர்ந்திருக்கும், லாரியும் குறைவு.

ஏற்காடு ஏறும்போது காத்து கூடுமா, கொறையுமா?

இரண்டும் நடக்கும். சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 2 பவுண்டு கூடத் தெரியும். அதே நேரம் மேலே எட்டு டிகிரியாவது குளிர். 50 பவுண்டு டயரில் அந்தக் குளிர் ஏறக்குறைய 2 பவுண்டைக் குறைக்கும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், மலைக்கென்று தனியாகக் காற்றை மாற்ற வேண்டாம்.

சேலத்தில் மத்தியான வெயிலில் நின்ற வண்டிக்குக் காற்று பிடித்து, மறுநாள் விடிகாலை ஏற்காட்டுக் குளிரில் கேஜ் வைத்தால் 3 பவுண்டு குறைவாகக் காட்டும். பஞ்சர் என்று பதற வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால்தான் பஞ்சர்.

கொண்டை ஊசி வளைவுல ட்ரெய்லர் டயருக்கு ஏதாச்சும் ஆகுமா?

ஆகும், ஆனால் அங்கேயே தெரியாது. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. கார் வளைவில் திரும்பும்போது ட்ரெய்லர் காரின் தடத்திலேயே வராது, உள்பக்கமாகச் சுருக்கி வரும். கார் தப்பித்துவிடும், ட்ரெய்லரின் உள்பக்கச் சக்கரம் ரோட்டோரக் கல்லின் மேல் ஏறி இறங்கும். கல் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சைடுவால் நசுங்கி உள்ளே நாலு நூல் அறுந்திருக்கும். வெளியே ஒரு சிராய்ப்புகூட இருக்காது. நாலு நாள் கழித்து அந்த இடத்தில் எலுமிச்சை அளவு வீக்கம் தெரியும். அதோடு ஹைவேக்குப் போனால் சமவெளியில், நல்ல ரோட்டில், காரணமே இல்லாத மாதிரி வெடிக்கும்.

வளைவுகளில் வெளிப்பக்கமாக அகலமாக எடுத்துத் திரும்புங்கள். எதிரே வண்டி வந்தால் நின்று போங்கள், மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. மலையிலிருந்து இறங்கியதும் அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, இரண்டு சைடுவாலையும் உள்ளும் புறமும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத வீக்கம் விரலுக்குத் தட்டுப்படும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது. ஒட்டுப் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

டயரை விட்டுட்டு ஏங்க பேரிங்கையே பார்க்கறீங்க?

வழியில் படுத்துவிட்ட படகு ட்ரெய்லர்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பேரிங் கோளாறு. பேரிங் இறுகினால், அது உட்காரும் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் கொதிக்கும், அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறும். கடைசியில் வெடிப்பது டயர், பழியும் டயருக்கு.

படகு ட்ரெய்லருக்கு மட்டுமே வரும் வினை இது. 50 கிலோமீட்டர் ஓடி ஹப் சூடாக இருக்கும். வந்ததும் வராததுமாக ட்ரெய்லரைப் பின்னால் தள்ளித் தண்ணீரில் இறக்குவார்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப் போகும், இரண்டு மாதம் நின்றால் உள்ளே துரு. கரைக்கு வந்ததும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். டீ குடியுங்கள், கயிறுகளைச் சரி பாருங்கள். புறங்கையை ஹப் மேல் வைத்தால் சுடக் கூடாது, அப்புறம் இறக்குங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, தண்ணீருக்குக் கரையாத மரைன் கிரீஸ் வைத்து, சீல் புதிதாகப் போடுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டால் மணல் அரைக்கிற சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மேட்டூர்ல நல்ல தண்ணிதானே, உப்புத் தண்ணி இல்லையே?

உப்புத் தண்ணீர் சீக்கிரம் அரிக்கும், நல்ல தண்ணீர் மெதுவாக அரிக்கும். கடலுக்குப் போய் வந்தால் அன்றைக்கே ரிம், அச்சு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். புது ரிம் வாங்குவதாக இருந்தால் துத்தநாகம் பூசியதை வாங்குங்கள். பெயிண்ட் அடித்த ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு துருப்பிடித்து, அந்த வழியாகத்தான் காற்று இறங்கும்.

ட்யூப்லெஸ்ல ட்யூப் போட்டு ஓட்டலாமா? நைட்ரஜன் நல்லதா?

ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூபைத் திணித்தால் இரண்டும் உரசிச் சூடேறும். பஞ்சரானால் காற்று மெதுவாக இறங்காமல் ஒரேயடியாகப் போகும். ரிம் துருவால் காற்று நிற்கவில்லை என்றால் ரிம்மை மாற்றுங்கள். நைட்ரஜனால் கெடுதல் இல்லை, காற்று கொஞ்சம் மெதுவாக இறங்கும். அதை அடித்துவிட்டோம் என்று கேஜ் வைக்காமல் இருந்தால் கெடுதல்தான்.

லாரிக்கெல்லாம் ரீட்ரேடு பண்ணி ஓட்டறாங்களே, ட்ரெய்லருக்குப் பண்ணக் கூடாதா?

நாமக்கல், சங்ககிரி லாரித் தொழில் ரீட்ரேடு இல்லாமல் ஓடாது. நானும் அதை மதிக்கிறவன். ஆனால் ரீட்ரேடு, அதாவது தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை ஒட்டுவது, நல்ல உடம்புக்குப் புதுச் செருப்பு தைப்பது மாதிரி. லாரி டயர் ஒன்றிரண்டு வருடத்திலேயே பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிடும், உள்ளே உடம்பு இளமையாக இருக்கும். படகு ட்ரெய்லர் டயரில் பட்டன் இருக்கும், உடம்புதான் முதுமை. அதற்கு மேல்பட்டை ஒட்டி என்ன பயன்?

மழைக்காலம் பூரா நிக்கப் போகுது. எப்படி வெச்சுக்கறது?

அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி நிற்கட்டும். முடியாவிட்டால் டயருக்கு அடியில் பலகை போட்டு, சைடுவாலில் உள்ள உச்ச அளவுக் காற்றோடு நிறுத்தி, மாதம் ஒருமுறை கால்சுற்று உருட்டி வையுங்கள். டயரைக் கோணிச் சாக்கால் மூடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளைத் தார்ப்பாயோ பிளைவுட் பலகையோ வெயில் படும் பக்கம் மறைத்தால் போதும். பளபளப்புக்காக எண்ணெய், டீசல், டயர் பாலிஷ் எதையும் பூச வேண்டாம். முதல் பதிலில் சொன்ன மெழுகை அவை கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவினாலே போதும்.

நடுவழியில வெடிச்சா என்னங்க பண்றது?

பிரேக்கை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பின்னால் வரும் ட்ரெய்லர் காரைத் தள்ளும், கார் குறுக்கே திரும்பிக்கொள்ளும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாக இறங்கிய பிறகு ஓரம் கட்டுங்கள். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் இன்னும் கவனம் தேவை. அங்கே ஆரம்பத்திலிருந்தே கீழ் கியரில் இறங்கினால் இந்த நேரத்தில் கை கொடுக்கும்.

ஸ்டெப்னி இல்லாமல் வருகிற ட்ரெய்லர்தான் அதிகம். முதலில் அதை வாங்குங்கள். அதற்கும் வயது உண்டு, காற்றும் இறங்கும். கார் ஜாக்கி ட்ரெய்லர் அச்சுக்குச் சேருமா, கார் ஸ்பேனர் ட்ரெய்லர் வீல் நட்டுக்குப் பொருந்துமா என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். சரிவில் ஜாக்கி போடும் முன் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றாதீர்கள். மாட்டிய பிறகு 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் நட்டு தளரும்.

எங்க ட்ரெய்லர்ல ரெண்டு அச்சு. ஒரு டயர் வெடிச்சதுக்குப் பக்கத்து டயரையும் மாத்தச் சொல்றீங்களே, ஏன்?

ஒரு பக்கத்தில் இரண்டு டயர் சுமந்ததை, ஒன்று வெடித்த நொடியிலிருந்து நீங்கள் நிறுத்தும் வரை மற்றொன்று தனியாகச் சுமந்திருக்கிறது. இரண்டு அச்சு இருப்பதால் வெடித்தது தெரியாமலே நாலைந்து கிலோமீட்டர் போய்விடுகிறவர்களும் உண்டு. அந்த டயரைக் கழற்றி உட்புறம் பார்க்காமல் நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வராது. கழற்றிப் பார்த்து, காற்றுக் கேள்வியில் சொன்ன கறுப்புத் தூள் இல்லையென்றால், புது டயராகவும் இருந்தால், அப்படியே மாட்டிக் கொடுத்துவிடுவேன். தூள் இருந்தால் உங்களைக் கூப்பிட்டு, உள்ளே கைவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஒரே பக்கம் மட்டும் தேயுதே, டயர் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் அதிகச் சுமையில் அச்சு வளைந்திருக்கும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. பட்டன் ரம்பப் பல் மாதிரி தடவும்போது கீறினால் அச்சு நேராக இல்லை. முன்கொக்கியிலிருந்து இரண்டு சக்கர நடுவுக்கும் ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும்.

கழட்டின பழைய டயரை என்ன பண்றது? தோட்டத்து வண்டிக்குக் கேக்கறாங்க.

மாட்டு வண்டி வேகத்தில் போகிற தோட்டத்து வண்டிக்குக் கொடுக்கலாம். ஆனால் கைமாறிக் கைமாறி அது மறுபடி ஹைவேக்கு வந்துவிடுகிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். வயதானது, வீங்கியது, உள்ளே தூள் கொட்டியது என்று நாங்கள் ஒதுக்கும் டயரை உரிமையாளர் முன்னாலேயே சைடுவாலில் கத்தியால் ஒரு சாண் நீளம் கிழித்துவிடுகிறோம். அப்புறம் யாரும் அதில் காற்று அடிக்க முடியாது. படகுத்துறையில் முட்டுக்குத் தொங்கவிட அது போதும். தொங்கவிடுவதாக இருந்தால் கீழ்ப்பக்கம் இரண்டு ஓட்டை போடுங்கள், மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.